முதல் அறுப்பு

கடையில் வாங்கிய பையில்
கண்ணைப் பறிக்கும் பச்சை.
குதிரைமசால்.
பச்சை என்றால் நல்லது என்று
மேர்வி நம்பினாள்.

முயலின் மூத்திரம் சுண்ணாம்பாய் வெளுத்தது.
கண்ணாடியைக் கழற்றாமலே மருத்துவர் சொன்னார்:
"அது குட்டிகளுக்கு. இவனுக்கு வயது ஆறு.
சத்து மிஞ்சினாலும் சீக்குதான்."

ராணுவப் பயிற்சிக்குப் போன மகன்
விட்டுப்போன ஒரே பொறுப்பு.
பெயர் முர்ஸ்கா. நொறுக்குபவன் என்று பொருள்.
நேற்றிலிருந்து பாதிதான் நொறுக்குகிறான்.

கயானிக்கு வடக்கே,
மைனஸ் இருபத்திரண்டில்
வெய்யோவின் குதிரைக் கொட்டில்.
"வைக்கோலா?" என்றார்.
தெரியாமல் தலையாட்டினாள்.
"வைக்கோல் படுக்க. உலர்புல் தின்ன.
உன் ஆள் படுக்கிறானா, தின்கிறானா?"

மூன்று கட்டுகளின் கயிற்றை அறுத்தார்.
ஜூன் கடைசியில் அறுத்த திமோத்தி:
முரட்டுத் தண்டு, பூனைவால் கதிர்,
உள்ளங்கையில் குத்தியது.
ஆகஸ்டில் மறுபடி அறுத்தது:
இலையே இலை,
தேயிலை டப்பாவைத் திறந்த வாசனை.
மூன்றாவதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.
மூக்கை வைத்தாள்.
வாரம் முழுக்கப் பூட்டிக் கிடந்த
மகனின் ஹாக்கிப் பை.
சாம்பல் தூசு பறக்க இருமினாள்.
"மழையில் மாட்டியது," என்று ஒப்புக்கொண்டார்.
"பாதி விலை."
"சும்மா தந்தாலும் வேண்டாம்."

கை ஆகஸ்டையே தேடிப் போனது.
பிரியமானவனுக்கு மெத்தென்றதைத்தானே
கொடுக்கத் தோன்றும்.
வெய்யோ தன் கடைவாயைத் தட்டிக் காட்டினார்:
"அவனுக்குச் சாகும்வரை வளரும் பல்.
தேய்க்க ஏதாவது வேண்டாமா?"

இரண்டிலும் ஒவ்வொரு கட்டு.
பகலெல்லாம் நாற்பது பேரை ஏற்றி இறக்கும்
பேருந்து ஓட்டுநர் அவள்,
இரண்டு புல்கட்டுக்கும்
பின்சீட்டில் பெல்ட் மாட்டினாள்.

வீட்டில் இரண்டு குவியல்.
முர்ஸ்கா இதை முகர்ந்தான், அதை முகர்ந்தான்,
முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.
பிறகு
அவள் கம்பளிக் கையுறையில் சிக்கியிருந்த
ஒற்றை ஜூன் தண்டைப்
பிடுங்கினான்.
துருவிக்குள் போகும் பென்சில் மாதிரி
அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

மகனுக்கு எழுதினாள்: சாப்பிடுகிறான்.
இரவு பத்துக்கு முகாமிலிருந்து பதில்:
மெல்வது மேலும் கீழுமா, பக்கவாட்டிலா?

விளக்கைப் போட்டு, தரையில் குப்புறப் படுத்து
வெகுநேரம் பார்த்தாள்.
பக்கவாட்டில்,
என்று எழுதி அனுப்பிவிட்டுத்
தன் தாடையையும் ஒருமுறை
அசைத்துப் பார்த்துக்கொண்டாள்.