கூட்டக் குறிப்பில் சேராதவை

பிப்ரவரி, இரண்டாம் செவ்வாய், இரவு ஏழு மணி.
மிச்சிகனில் முழங்கால் அளவு பனி.
நகர மன்றத்தில் குறிப்பெடுப்பவள் நான்.
பேச்சை எழுது, பெருமூச்சை எழுதாதே
என்றார்கள், வேலையில் சேர்ந்த அன்று.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
பச்சை, மஞ்சள், பிறகு சிவப்பு.

வெர்னெல் டாபின்ஸ், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்,
பிரிக்காத உறையோடு வந்தார்.
ஒலிவாங்கியின் முன்னால் வைத்துக் கிழித்தார்,
அந்தச் சத்தமும் பதிவாகட்டும் என்பதுபோல.
வீட்டின் விலை,
தொண்ணூற்றாறாயிரம் தேய்ந்து
நாற்பத்தோராயிரம்.
வரி,
போன ஆண்டைவிட எழுபத்திரண்டு டாலர் அதிகம்.
"கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது,
தீவனம் மட்டும் எப்படி ஏறுகிறது?"
(அவர் சொன்னது வேறு மாதிரி.
எனக்குள் இப்படித்தான் கேட்டது.)

மதிப்பீட்டு அதிகாரி ஹாலோரன் விளக்கினார்:
சந்தை விலை மாடிப்படியில் இறங்கி வருகிறது,
வரிக்கான மதிப்பு கீழிருந்து ஏறிப் போகிறது,
இரண்டும் ஒரே படியில் மோதும்வரை
ஏறுவதற்குச் சட்டம் இடம் தருகிறது.
தெளிவான விளக்கம். எழுதிக்கொண்டேன்.
"நான் எந்தப் படியில் நிற்கிறேன்?" என்றார் வெர்னெல்.
சிவப்பு.

அடுத்து காசிமிர் வுய்சிக்.
பக்கத்து வீட்டில்
செம்புக் குழாயைக்கூட உருவிப் போய்விட்டார்களாம்,
ஏலத்தில் ஆறாயிரத்துக்குப் போனதாம்.
"என் பிக்-அப் வண்டி அதைவிட விலை போகும்.
அதில் குடியேறிவிட்டால்
எந்தத் தெருவுக்கு நோட்டீஸ் அனுப்புவீர்கள்?"
சிரித்தார்கள். சிரிப்பையும் எழுதக் கூடாது.

தீர்மானம் ஒரே வரி:
மதிப்பு விழும் ஆண்டில் வரி ஏறலாகாது.

அப்போது தீயணைப்புத் தலைவர் எழுந்தார்.
இரண்டாம் நிலையத்தை மூடி ஒரு மாதம்.
கிழக்குப் பக்கம் போய்ச் சேர
ஐந்து நிமிடமாக இருந்தது
பதினொன்றாகிவிட்டது.
அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தொப்பியை மடியில் திருப்பித் திருப்பி வைத்தார்.

கிழக்குப் பக்கம் வெர்னெலின் தெரு.
அவர் நேரம் முடிந்துவிட்டது,
ஆனாலும் இருக்கையிலிருந்தே சொன்னார்:
"வண்டி வரட்டும், வேண்டாம் என்கவில்லை.
அது வந்து அணைக்கும்போது
வீடு என் பெயரில் இருக்கணும், அவ்வளவுதான்."
இருக்கையிலிருந்து சொன்னவை
குறிப்பில் சேராது.

என் சம்பளம் அந்த எழுபத்திரண்டில் இருக்கிறது.
என் உறை
குளிர்பெட்டிக் கதவில், பீட்சா கடைக் காந்தத்தின் அடியில்,
ஒன்பது நாளாகப் பிரிக்காமல்.

வாக்கு: ஆதரவு மூன்று, எதிர்ப்பு மூன்று.
ஏழாமவர் வரவில்லை.
அவர் தெருவில் பனி அள்ளும் வண்டி வரவில்லையாம்,
அதற்குப் பணம் இல்லையாம்.
சமமாய் வந்தால் தீர்மானம் தோற்கும்.
இதை எழுதினேன்.

வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டே
வெர்னெல் என்னிடம் கேட்டார்,
"என் பெயரைச் சரியாக எழுதினாயா?
நோட்டீஸில் எப்போதும் ஓர் எழுத்து விட்டுப்போகும்."
காட்டினேன். விரல் வைத்துப் படித்தார்.
"சரி" என்றார்.
"எழுத்துதான் குறைகிறது அவர்களுக்கு,
எண் ஒரு நாளும் குறைந்ததில்லை."

காலை ஐந்துக்கு அவர் பேருந்தை எடுக்க வேண்டும்.
கார்க் கண்ணாடியின் உறைபனியை
நூலக அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தார்.
நூலகம் வியாழன் மட்டும்தான் திறக்கிறது.