சிவப்பு எழுத்து

இரவில்தான் எழுத முடியும்.
பகலில் நோலாவின் தெருக்களில்
கழுதைகளுக்கே இடம் போதாது.
ஏணியைத் தம்பி பிடிப்பான், விளக்கை ஒரு பையன்.
சுவருக்கு வெள்ளையடித்துக் காயும்வரை
வெங்காயம் தின்போம்.

ஒபெல்லியா தானே வந்தாள்,
கையெல்லாம் கந்தக வாடை.
சலவைப் பட்டறைக்காரி.
தெருமுனை ஜாடிகளில் ஊர் கழிப்பதை வாங்கி
ஊரின் அழுக்கையே வெளுப்பவள்.
கணவன் செத்த மறுவாரம்
கணக்குப் பலகையை மடிக்கு இழுத்துக்கொண்டாளாம்.

"சந்தைக்கும் சாக்கடைக்கும் அதிகாரியாக
தெத்தியஸைத் தேர்ந்தெடுங்கள்."
சரி. கேட்பது யார் என்று போட?
"ஒபெல்லியா."
எவ்வளவு பெரிதாக?
"குதிரையில் போகிறவனுக்கும் தெரியணும்."

தெத்தியஸ் அவள் தங்கை புருஷன்.
நல்ல தோள். நல்ல குரல்.
குரலுக்குள் வைக்கத்தான் ஒன்றுமில்லை.
அவள் வைத்தாள்:
தானிய விலை, உடைந்த ஈயக்குழாய், மீன்காரர்களின் வாடகை,
கம்பளியில் சாயம் ஏற்றுவதுபோல்
முக்கி, பிழிந்து, மறுபடி முக்கி.

அவன் டோகாவையும் அவளே வெளுத்தாள்.
பிரம்புக் கூண்டின்மேல் விரித்து, புகையூட்டி,
சுண்ணக்கட்டி தேய்த்து.
சதுக்கத்தில் அவன் நடந்தபோது
எனக்குக் கண் கூசியது.

வாக்கு நாளில் கயிறு கட்டியிருந்தார்கள்.
அந்தப் பக்கம் ஆண்கள், மெழுகுப் பலகைகள், கூடை.
இந்தப் பக்கம் அவள்,
வறுத்த கடலை விற்பவன்,
எசமானன் வீட்டு அடிமையான நான், ஒரு நாய்.
பேச்சின் நடுவே தெத்தியஸ் மறந்து நின்றான்.
அவள் உதடு மட்டும் அசைந்தது.
"குழாய்!" என்றான் உடனே, தானே கண்டுபிடித்தவன்போல.

வென்றான்.

மூன்றாம் இரவு ஆள் அனுப்பினான்:
துவைக்கிறவள் தயவில் வந்தவன் என்கிறார்கள்,
அந்தப் பெயரை மட்டும் அழித்துவிடு.
கூலி இரண்டு மடங்கு. வாங்கிக்கொண்டேன்.
விடுதலைக்குச் சேர்க்கிறவன்
காசின் முகத்தைப் பார்ப்பதில்லை.
வாளியோடு பாதி ஏணி ஏறியபின்
கீழே பார்த்தேன். அவள்.

திட்டுவாள் என்றிருந்தேன்.
"சுண்ணாம்பு எங்கே வாங்கினாய்?"
உங்கள் பட்டறையில்தான்.
"எத்தனை வாளி?"
ஒன்று.
பலகையை விரித்தாள்.
டோகா, மது, என் பழைய கூலி,
எல்லாவற்றுக்கும் அடியில் அவன் பற்றில்
ஒரு வாளி சுண்ணாம்பும் ஏறியது.
எழுத்தாணி அவசரப்படவில்லை.

"மெலிசாகப் பூசு" என்றாள்.
"மழைக்கு இன்னும் இரண்டு மாதம்."

நாலடி போனவள் திரும்பி நின்றாள்.
"ரொட்டிச் சூளை வெஸ்டோரியஸுக்கு
ஒரு மகன் இருக்கிறானே,
அவனுக்கு மறதி உண்டா?"