புறங்கை

நான்காம் நாள் காலை, கொடுங்கையூரில்,
தண்ணீர் அடித்தது போதும் என்றார் அலுவலர்.
இருபத்தாறு லாரித் தண்ணீரும்
பிளாஸ்டிக் மேல் வழுக்கிக் கால்வாய்க்குப் போயிருந்தது.
கீழே பழைய டயரும் இளநீர் மட்டையும்
கன்னத்தில் அடக்கிய புகையிலை போல
தீயை ஒதுக்கி வைத்திருந்தன.

எபினேசர் குரல் அனுப்பியிருந்தான்.
வியாசர்பாடியில் என்னோடு கேரம் ஆடியவன்,
இப்போது கனடாவில் ஏதோ ஊசியிலைக் காட்டில்
முதுகில் பம்பு சுமக்கிறான்.
"இங்கயும் அப்டித்தான் மச்சான்.
மண்ணுக்குள்ள பாசி, வேரு, எந்தக் காலத்து மக்கோ.
தீ உள்ள பூந்துச்சின்னா
ஆறு மாசம் மேல பனி கெடந்தாலும் சாவாது.
பனி உருகும், பாத்தா பொகை.
தண்ணிய நம்பாத. பள்ளம் வெட்டு.
அப்பறம் கையொறையக் கழட்டிட்டு
புறங்கைய சாம்பல்ல வச்சிப் பாரு.
உள்ளங்க காச்சிப் போயிருக்கும்,
அதுக்கு ஒண்ணும் தெரியாது."

எங்களிடம் ஒரு பொக்லைன் இருந்தது.
ஓட்ட ஜாகிர் இருந்தான், மூக்கில் ஈரத் துண்டு.
அடிமண் தெரியும்வரை வெட்டச் சொன்னார்கள்.
அடிமண் தெரியவில்லை, வருஷங்கள்தான் வந்தன:
ஏதோ தேர்தலின் கொடிகள்,
வெள்ளத்தில் ஊறிய மெத்தைகள்,
கொத்துக் கொத்தாய் முகக்கவசம்,
இன்னும் நீலம் போகாமல்.

பள்ளத்துக்கு மேற்கே குடிசைகள்.
கிழக்கே தீ.
நடுவே இருநூறு அடி குப்பை.
கடல்காற்று ஏறுவதற்குள்
அதை நாமே எரித்துவிட்டால்
வருகிற தீக்குத் தின்ன ஒன்றுமிருக்காது.
துறையில் சேர்ந்து பதினொரு வருஷம்.
கொளுத்து என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை.

அந்த இருநூறு அடியில்தான்
தார்ப்பாய்க்கடியில் தெய்வானையின் மூட்டைகள்.
பால் கவர் தனி, செருப்பு தனி, ஒயர் தனி,
பதினேழு. சனிக்கிழமை எடைக்குப் போகவேண்டியவை.
"எரிஞ்சா உன் சம்பளத்துல புடிப்பாங்களா?"
நான் வாயைத் திறக்கவில்லை.
"அப்ப கம்முனு வந்து தூக்கு."

தூக்கினோம்.
சீருடையில் ஆறு பேர், ஜாகிர், அவள்.
பதினான்கு இந்தப் பக்கம் வந்தது.
என் சட்டைக் காலரைக் காற்று தொட்டது,
கிழக்கிலிருந்து, லேசாக.
அலுவலர் மணி பார்த்தார்.

டீசலில் நனைத்த கோணி தயார்.
ஆறு தீயணைப்பு வீரர்களில்
ஒருவரிடமும் தீப்பெட்டி இல்லை.
ஜாகிர் பையைத் தடவிக் கையை விரித்தான்.
தெய்வானைதான் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து
எடுத்து நீட்டினாள்,
முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

இரண்டு தீயும் சந்தித்தபோது
யாரோ கோபத்தில் கதவைச் சாத்தியது போல
ஒரே ஒரு சத்தம்.
பிறகு கடல்காற்று ஏறிவந்து
தேட ஒன்றுமில்லாமல்
எங்கள் மீது சாம்பலைக் கொட்டிவிட்டுப் போனது.

இரவு, கையுறையைக் கழற்றிக்கொண்டு
முழங்காலில் நகர்ந்தோம்.
சுட்ட இடத்திலெல்லாம்
துணி கட்டிய குச்சி நட்டோம்.
புறங்கையில் முடி பொசுங்கி
கோழி வாட்டிய வாசனை.
செருப்பு மூட்டை இருந்த இடத்தில் ஒரு கரிய தோசை.
பால் கவர் இருந்த இடத்தில் அதுவும் இல்லை.
ஒயர் மூட்டை மட்டும்
ரப்பரெல்லாம் போய்
செம்பாய், சுத்தமாய், சுருண்டு கிடந்தது.
தெய்வானை ஒரு கம்பியை எடுத்து வளைத்தாள்,
டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள்.
"இதுக்கு ரேட்டு ஜாஸ்தி" என்றாள்
எங்களிடம் இல்லை, கம்பியிடம்.
மற்ற இரண்டு மூட்டைக்கான கணக்கு
அவள் முகத்திலிருந்து போகவில்லை.

எபினேசருக்குப் பதில் பேசினேன்:
இங்க பனி இல்லடா, மழதான்.
ஐப்பசியில நனையும், மாசியில எழுந்துக்கும்.

முப்பத்தொன்றாவது குச்சியை நட்ட பின்
கொஞ்சம் தள்ளி, குளிர்ந்திருக்கும் என்று நினைத்த இடத்தில்
சும்மா கை வைத்தேன்.
சுட்டது.
ஜாகிரைக் கூப்பிட்டேன்.
பொக்லைன் தன் கையைத் தரையில் ஊன்றியிருக்க
உள்ளே அவன் வாய் திறந்து
தூங்கிக்கொண்டிருந்தான்.