இரண்டு ஆள் காசு

மூலக்கடையிலிருந்து பாரிமுனைக்கு
ஷேர் ஆட்டோவில் நான் எப்போதும் இரண்டு ஆள் காசு.
கேட்டால்தானே அவமானம்,
கேட்பதற்குள் நீட்டிவிடுவேன்.

வீட்டு மெஷின் எனக்கு வெறும் கோடு காட்டும்.
அதனால் துறைமுகக் கிடங்கில், சாப்பாட்டு வேளையில்,
யாரும் இல்லாத நேரம் பார்த்து
சரக்கு நிறுக்கும் மேடையில் ஏறினேன்,
குண்டூர் மிளகாய் மூட்டைகள் இறங்கிய சூட்டோடு.
நூற்று நாற்பத்தாறு.
தும்மினேன். எண் ஒரு கணம் ஆடி
திரும்ப அங்கேயே வந்து நின்றது.

கீழ்ப்பாக்கத்தில் டாக்டர் நஸ்ரீன்
சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.
எண்ணூறு கலோரி, பன்னிரண்டு வாரம்,
வாரா வாரம் ரத்தம், அவ்வப்போது ஈசிஜி.
"நீங்களா கூட்டக் கூடாது.
நீங்களா குறைக்கவும் கூடாது."
நாற்பத்தேழு வயதில் முதல்முறையாக ஒருவர்
என்னைக் குறைத்துச் சாப்பிடாதே என்கிறார்.
மாடிப்படி இறங்கும்போது கண் கலங்கியது.
லிஃப்ட் ஓடாததாலும் இருக்கலாம்.

நாளைக்கு நாலு பொட்டலம் பொடி.
வெனிலா என்று எழுதியிருந்தார்கள்,
வெள்ளையடித்த சுவரை நக்கியதுபோல் இருந்தது.
மூன்றாம் வாரம் ஊரே சாப்பாடானது.
மழைக்கு நனைந்த தார்ச்சாலை
எள்ளுருண்டை வாசம் அடித்தது, சத்தியமாக.

செகண்ட் லைன் பீச்சில் ஜெயபாலின் அத்தோக் கடை.
என் தலை தெரிந்ததுமே
நாலு முட்டை மசாலா ரெடியாகும், வாழைத்தண்டு சூப் கணக்கில் வராது.
அவனைத் தாண்டிப் போக முடியாது என்று
சுங்க அலுவலகத்துக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போனேன்.
அந்தச் சுற்றுதான் நான் நடந்த முதல் நடை.

மே மாதத்தில் குளிர்ந்தது.
புனிதா ஃபேனை அணைத்துவிட்டு வியர்வையில் படுத்துக்கொண்டாள்.
மோதிரம் ரசத்தில் விழுந்தது, அவள் ரசத்தில்.
பதிமூன்றாம் வாரம் ஒரு இட்லிக்கு அனுமதி.
அதை முக்கால் மணி நேரம் சாப்பிட்டேன்,
பையன் எழுந்து கல்லூரிக்கே போய்விட்டான்.
கட்டிலில் என் பழைய பள்ளம் அப்படியே இருக்கிறது,
தூக்கத்தில் அதற்குள் உருண்டு விழுகிறேன்.
வயிற்றுத் தோல் மட்டும்
சொல்லாமல் போனவர்களுக்கு வாசலிலேயே காத்திருக்கிறது.

பதினாலு மாதம். ஐம்பத்தேழு கிலோ.
"எங்கே போச்சு டாக்டர் அவ்வளவும்?"
"பெரும்பாலும் மூச்சில்தான். வெளியே விட்டுட்டீங்க."

அதிலிருந்து மூச்சு விடும்போதெல்லாம் கவனிக்கிறேன்.
வியாசர்பாடி ரயில்வே கேட்டில் கொஞ்சம் விட்டிருப்பேன்,
ராயபுரம் பாலத்தில், கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால்,
அலுவலகத்தில் கோப்பு தேடிப் பெருமூச்சில் கொஞ்சம் கூடுதலாக.
ஜார்ஜ் டவுன் தூங்குமூஞ்சி மரத்தில்
இந்த வருடம் இலை அதிகம் என்று தோன்றுகிறது.
யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று சுற்றிப் போக மறந்துவிட்டேன்.
ஜெயபால் கல்லில் கரண்டியைத் தட்டியபடி
என்னையே பார்த்தான், நெற்றியைச் சுருக்கி.
"சார், உங்க அண்ணன் வருவாரே,
நல்லா பெரிய உடம்பு. ரொம்ப நாளா ஆளையே காணோம்.
இருக்காருல்ல?"

அந்த 'இருக்காருல்ல' வில் இருந்த பயம்
எனக்காக யாரும் பட்டதில்லை.
"இருக்காரு," என்றேன். "உடம்புக்கு முடியாம இருந்துச்சு."
"தங்கமான மனுஷன். சில்லறை வாங்கவே மாட்டாரு."
காசு வேண்டாமென்று
ஒரு சூப் பொட்டலம் கட்டிக் கையில் திணித்தான்.
அண்ணனுக்காம்.

ஆட்டோவில் வலப்பக்கம் ஒரு அம்மாள், அவள் கூடை,
இடப்பக்கம் இன்னும் ஒருவர் உட்கார இடம்.
"ஒரு ஆள் ஏறுண்ணே, தள்ளிக்குங்க," என்றான் டிரைவர்.
பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்தேன்,
சூடு தொடையில் படும்படி.
இரண்டு ஆள் காசு நீட்டினேன்.