சொல்லப்படாவிட்டால்

மாங்குளம் ஆதார வைத்தியசாலை, பதிவேட்டு அறை.
மாதம் முடிய இரண்டு நாள்.
நூற்றுப் பதினேழு கட்டில்தலைச் சீட்டுகள்
கொழும்புக்கு எண்களாகப் போகவேண்டும்.

மரத்தால் விழுந்தால் W14.
நாகமோ புடையனோ, X20.
கணைக்கால் உள்ளென்பின் தண்டு முறிந்தால் S82.2.
பக்கத்தில் நிற்கும் மெல்லிய வெளியென்பும்
சேர்ந்து முறிந்திருந்தால்
அதே எண்தான்.
கூடப் போனவருக்குத் தனிக் கணக்கில்லை.

அதற்குப் பின்னால் ஓர் இலக்கம்:
தோல் கிழிந்து உள்ளே காற்றுப் பட்டிருந்தால் ஒன்று,
மூடியிருந்தால் பூச்சியம்.
மட்டை கழன்ற புத்தகம் சொல்கிறது,
மூடியதா திறந்ததா என்று சொல்லப்படாவிட்டால்
மூடியதென்று கொள்க.

ஏழாம் வார்ட், கட்டில் பதினொன்று.
கதிர்காமு சுபோதினி, முப்பத்தொன்பது.
டொக்டர் எழுதியது ஒரே வரி:
வேலிக் கம்பி போல ஒரு குறி, பிறகு T/F, பிறகு L.
காரணம் வெறுமை.
தொழில்: கண்ணிவெடி அகற்றுபவர்.

புதிதாக வந்த பெடியன் பென்சிலால்
Y36.8 போட்டு வைத்திருந்தான்.
யுத்தம் ஓய்ந்தபின் நிகழும் யுத்தச் செயல்.
தொழிலைப் பார்த்தான், காலைப் பார்த்தான், கூட்டிவிட்டான்.
வன்னியில் வளர்ந்த எவரும்
அப்படித்தான் கூட்டுவார்கள்.

செருப்பைக் கொழுவிக்கொண்டு வார்ட்டுக்குப் போனேன்.

"மாடு" என்றாள்.
"என்ன மாடு?"
"கறுப்பு நாம்பன். கொக்காவிலுக்கு இஞ்சால.
வேலை முடிஞ்சு வாறன், மம்மல் நேரம்.
பகல் முழுக்க நிலத்தை அங்குலம் அங்குலமாப் பார்த்த கண்.
ரோட்டைப் பார்க்கேல்ல."
சிரித்தாள். சிரிக்கக் கால் நொந்தது.
"வெடி எண்டு எழுதிப்போடாதேங்கோ அக்கா.
பன்ரண்டு வருசம், ஒரு பிழை விடேல்ல நான்.
மாடு எண்டு எழுதுங்கோ."

புத்தகத்தில் மாடு இல்லை.
மோட்டார்சைக்கிள் ஓடினவர்
பாதசாரியோடோ விலங்கோடோ மோதினால் V20.
ஆளும் மாடும் ஒரே பெட்டி.
சொன்னேன்.
"அதுவும் சரிதான்" என்றாள்.

எக்ஸ்ரேயை யன்னலுக்குப் பிடித்தேன்.
புது முறிவு கூராக, இன்னும் திகைப்பு மாறாமல்.
அதற்கு நாலு விரற்கடை மேலே
வெளியென்பில் ஒரு புடைப்பு.
எலும்பு தன்னைத் தானே அள்ளிப் பூசின இடம்.
தடி வைத்துக் கட்டினவருக்கு
நேராக்க நேரம் கிடைக்கவில்லை.

"இது?"
"அது பழசு."
"எப்ப?"
"அது பழசக்கா."

பக்கத்துக் கட்டில் மனுசி
போத்தலுக்குத் தண்ணீர் வார்ப்பதை நிறுத்தினாள்.

T93.2 உண்டு. Y89.1 உண்டு.
இரண்டும் என் நாக்கில் இருந்தன.
ஆனால் விதி ஒன்று இருக்கிறது,
இந்த முறை வைத்தியம் பார்க்காததை
இந்த முறை எழுதவேண்டாம் என்று.
நல்ல விதியா, எனக்குத் தெரியாது.
அன்றைக்கு அது என்னைக் கதிரையால் எழுப்பிவிட்டது.

"தோல் கிழிஞ்சதோ?" என்று மட்டும் கேட்டேன்.
"இந்த முறை இல்லை."

பூச்சியம்.

அறைக்கு வந்து அழிறப்பரால் Y-ஐத் தேய்த்தேன்.
பென்சில் போய்விட்டது.
பெடியன் அழுத்தி எழுதுகிறவன்,
தாளில் பள்ளம் கிடந்தது.
அதன் மேலேயே பேனையால் V20.4.

மறுநாள் மாட்டுக்காரர் வந்தார்,
பொலித்தீன் பைக்குள் இரண்டு தோடம்பழம்.
நாம்பன் முன்காலை ஊன்றுதில்லை என்றார்.
நோயாளி பார்க்க வந்தாரோ நியாயம் கேட்க வந்தாரோ,
அவருக்கே இன்னும் முடிவில்லை.
"அந்த மோட்டார்சைக்கிள் பிள்ளை எந்தக் கட்டில்?"

எந்தத் தாளையும் புரட்டாமல்
பதினொன்று என்றேன்.