நூற்று நாற்பத்தெட்டு

கடலில் போட்டதைக் கடலிலேயே விட்டாயிற்று.
தஞ்சோங் பூங்கா கரையில்
ஜெல்லிமீன் உரசிய கழுத்து எரிய எரிய
சைக்கிளில் ஏறுகிறேன். மணி எட்டு ஏழு.
கைப்பிடியில் வெள்ளை டேப்.
மார்க்கரில் நானே எழுதிய எண்: 148.
இதயம் அதைத் தாண்டக் கூடாது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள்
வியர்வையைப் பற்றித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பத்து பெரிங்கி வளைவுகளில் எல்லோரும்
சம்பளம் வந்த முதல் வாரம்போல ஓட்டுகிறார்கள்.
கார்பன் சக்கரங்களின் உறுமல்
வலது காதை வழித்துக்கொண்டு போகிறது.
நான் இடது ஓரம்.
இருபத்தெட்டாம் தேதி எப்படி இருக்கும் என்று தெரிந்தவள்.
அந்தத் தேதிக்கு இன்று ஓட்டம் என்று பெயர்.
பத்து கிலோமீட்டர். நிழல் கிடையாது.

போன வருடம் இதே அணைக்கட்டு ஏற்றத்தில்
ஒரு மஞ்சள் ஹெல்மெட்டைத் துரத்தினேன்.
பிடித்தும் விட்டேன்.
பிறகு ஓட்டத்தில்
யாருடையதோ போலிருந்த இரண்டு கால்களைத்
தள்ளுவண்டிபோலத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.
தண்ணீர் தரும் பையன் மலாயில் கேட்டான்,
ஆம்புலன்ஸ் கூப்பிடவா, கக்கா?
ஓராண்டாக அந்தக் கேள்வியோடுதான் தூங்கி எழுகிறேன்.

பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்.
சிப்புகளில் மின்சாரம் கசிகிறதா என்று அளப்பது வேலை.
ஒரு மைக்ரோ ஆம்பியர் பிசகினால் தட்டு முழுக்கக் குப்பை.
ஒவ்வொன்றுக்கும் அச்சடித்த வரம்பு உண்டு.
இந்த உடம்புக்கு யாரும் தரவில்லை.
மூன்று ஞாயிறுகள் செத்துப் பிழைத்துக்
கண்டுபிடித்தேன் இந்த 148ஐ.

அணைக்கட்டு தாண்டிச் சாலை நிமிர்கிறது.
கியரைக் குறைக்கிறேன். இன்னும் குறைக்கிறேன்.
தடுப்புச் சுவரில் குரங்குகள்
கோயில் வாசலில் காத்திருப்பவர்கள்போல
என் வாழைப்பழத்தைப் பார்க்கின்றன.
146. 147.
மூச்சை எண்ணி விடுகிறேன்.
பின்னாலிருந்து யோகேஸ்வரி வருகிறாள்,
எங்கள் லைனிலேயே வேலை, என்னைவிட ஒன்பது வயது இளையவள்,
சேணத்தைவிட்டு எழுந்து நின்று மிதித்தபடி.
"என்னக்கா, பஞ்சரா?"

149.
151.
தொடை தானாகவே பதில் சொல்லப் போய்விட்டது.
திரும்பக் கூப்பிட்டேன்.
நாய்க்குட்டியைக் கூப்பிடுவதுபோல, கெஞ்சி.
அவள் முதுகு மூங்கில் வளைவில் மறைந்தது.
டுரியான் வாசனை மட்டும் மலையிலிருந்து இறங்கி வந்தது,
அதற்கு ஒரு வேக வரம்பும் இல்லை.

திரும்பி இறங்கும்போது உப்புத் தண்ணீர் குடித்தேன்.
யாரையும் பார்க்கவில்லை. எண்ணை மட்டும் பார்த்தேன்.

ஓட்டம்.
முதல் நூறு மீட்டர் மரக்கால்.
பிறகு முட்டி மடிந்தது,
பிறகு, நம்பமாட்டீர்கள், கால் என்னுடையதாகவே இருந்தது.
நடப்பவர்களைத் தாண்டினேன்.
ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தவரைத் தாண்டினேன்.
மஞ்சள் ஹெல்மெட்டுக்காரரையும் தாண்டியிருக்கலாம்,
ஹெல்மெட் இல்லாமல் அவரை எனக்கு அடையாளம் தெரியாது.

ஒவ்வொரு திருப்பத்திலும் யோகேஸ்வரியைத் தேடினேன்.
இடுப்பில் கைவைத்து நின்றிருப்பாள்,
நான் "என்ன தங்கச்சி, பஞ்சரா" என்பேன்.
வசனம் தயாராக இருந்தது.
ஐந்தில் இல்லை. எட்டில் இல்லை.

முடிவுக்கோட்டுக்கு அப்பால் நாற்காலியில் அவள்
தர்பூசணி விதையைத் துப்பிக்கொண்டிருந்தாள்.
என்னைவிட நான்கு நிமிடம் முன்னால்.
ஒரு துண்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.
ஓர் அடிகூட நடக்காமல் நான் ஓடி முடித்ததைச்
சொல்ல நினைத்து, இனிப்பாக இருந்ததால் தின்றேன்.

சைக்கிளை எடுக்கப் போனபோதுதான் கவனித்தேன்:
டேப்பில் வியர்வை இறங்கி
எட்டின் இடப்பக்கம் கரைந்து
மூன்றாகியிருந்தது.
எந்த வளைவிலிருந்து, எத்தனை கிலோமீட்டர்
நான் 143க்குக் கீழ்ப்படிந்தேன்?
விரலால் தடவிப் பார்த்தேன்.
மை இன்னும் ஈரமாக இருந்தது.