பதினேழாம் எண் கருவி

நாற்பது வீடுகளில் வைத்தோம்.
தீப்பெட்டி அளவு. நிமிடத்துக்கு ஒருமுறை
வெப்பத்தை எழுதும், வெளிச்சத்தை எழுதும்.
வேறெதற்கும் வாய் திறக்காது.

ஸ்டுட்கார்ட்டைக் கொப்பரை என்பார்கள் ஊர்க்காரர்கள்.
சுற்றிலும் மேடு, மேட்டில் திராட்சை,
அடியில் நாங்கள்.
ஜூலை பிறந்தால் காற்றுக்கு
இறங்கி வரும் வழி மறந்துவிடும்.

ஆய்வுக்கு மூன்று வரியில் ஒரு தலைப்பு உண்டு.
எனக்குள் நான் வைத்த பெயர்:
கூரைக்குக் கீழே படுக்கிறவர்கள் எவ்வளவு வேகிறார்கள்.

முப்பத்தொன்பது கோடுகள்
திரையில் மலைத்தொடராய் ஏறி இறங்கின.
பதினேழு மட்டும் தரையோடு படுத்துக் கிடந்தது.
ஐந்து டிகிரி. ஐந்து. ஐந்து.

"பழுது. தூக்கிப் போடு" என்றான் ஹென்னிங்.
போடத்தான் இருந்தேன்.
விரல் விசைமேல் இருக்கையில் பக்கத்துப் பத்தி கண்ணில் பட்டது.
பட்டப்பகலில் வெளிச்சம் பூஜ்யம்.
பன்னிரண்டு நாற்பதுக்குத் திடீரென ஒளி, ஒன்பது நிமிடம்.
மறுபடி இருட்டு.
ஒன்றே காலுக்கு ஆறு நிமிடம்.
இரண்டரைக்குப் பதினான்கு.
பழுதுக்கு இப்படி நேரம் பார்த்து விழிக்கத் தெரியாது.

ஹெஸ்லாக்கில், கடைசி மாடியில்,
கழுத்தில் ஈரத்துண்டோடு கதவு திறந்தார் ரோஸ்விதா கிளெங்க்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை;
உறக்கம் பகலுக்கு.
என்னைக் குளிர்பெட்டிக்கு முன் நிறுத்தித் திறந்தார்.
வெண்ணெய், கடுகுக்குழம்பின் குழாய்,
பாதி நறுக்கிய வெள்ளரி, அதன் பக்கத்தில்
மடித்த துணிமேல் எங்கள் கருவி,
பத்திரமாக.

கதவில் காந்தம் பிடித்திருந்த தாள் நான் எழுதியது.
'வீட்டிலேயே சூடு குறைந்த இடத்தில் வைக்கவும்.'

"வேறெங்கே வைப்பேன்?"
கோபமில்லை அதில்.
கடையில் விலை கேட்கிற குரல்.

அந்தப் பதினான்கு நிமிடத்தைக் கேட்டேன்.
"ஓ, அதுவா. முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன்.
கண் அசந்தால் கதவு மூடிக்கொள்ளும், இல்லையா,
கால் கட்டைவிரலால் பிடித்துக்கொள்வேன்."

திறந்த குளிர்பெட்டி முன்னால் குளிர்வித்து
முதுகால் அறையைச் சுடும்.
படித்திருக்கிறேன், கணக்கும் போடத் தெரியும்.
சொல்லவில்லை.

கணினியில் என் படுக்கையறையில் ஆள் இருக்கும் நேரம்
இரவு பத்து முதல் காலை ஆறு.
முதலாண்டில் தட்டச்சிட்டது.
இதுவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை, நான் உட்பட.
அதன்மேல்தான் என் வடிவமைப்பு நின்றது:
இரவில் சாளரம் திறக்கும்,
காட்டுக் குளிர் சரிவில் வழியும்,
சுவர்கள் பகலை மறக்கும்.
பாராட்டு வாங்கிய வரைபடம்.
ரோஸ்விதாவின் கட்டிலை அது அருமையாகக் குளிர்வித்தது,
அவர் ஊரின் மறுகோடியில்
பிறர் படுத்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த
எட்டு மணி நேரமும்.

நேரத்தை மட்டும் மாற்றினேன்.
பச்சையாய் இருந்த கட்டிடம் முழுக்கச் சிவந்தது.

பிறகு மூன்று வாரம் தூக்கமில்லை.
சாளரத்துக்கு வெளியே மரச்சட்டத் திரை,
ஓட்டுக்கடியில் மரநார்த் திணிப்பு,
வெயில் வருமுன் தானே இறங்கும் துணிப்பந்தல்.
தேர்வுக்குழுவில் பேராசிரியர் முன்ட்சிங்கர்
மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு
நெடுநேரம் பார்த்தார்.
"செலவு யாருடையது?"
வீட்டு உரிமையாளர்களின் கூட்டம் அக்டோபரில், என்றேன்.
அக்டோபரில் எல்லோருக்கும் குளிரும்.
அறையில் ஒருவர் சிரித்தார். நானும்தான்.

நாற்பத்தொன்றாம் கருவியை எடுத்துப் போய்
அவர் தலையணைப் பக்கம் வைத்தேன்.
"அப்போ இதை எடுத்துவிடலாமா?"
வெள்ளரிப் பக்கம் கை காட்டினார்.
இருக்கட்டும் என்றேன்.

மறுநாள் மதியம் இரண்டு மணி.
நாற்பத்தொன்று எழுதியது: முப்பத்தாறு புள்ளி நான்கு.
பதினேழு எழுதியது: வெளிச்சம்,
பதினெட்டு நிமிடம்.